கறை எங்கே என்று கேட்டவர்

மகளே, நேற்று நீ போனில் கேட்டது சின்னக் கேள்வி. "அப்பா, அம்மாவக் கூட்டிட்டுப் போனீங்களே, அந்தத் தோல் டொக்டரம்மா இன்னமும் அங்கதான் இருக்காங்களா? என் ரூம்ல இருக்கிற புள்ளைக்குக் கன்னமெல்லாம் செவந்து கெடக்கு." இருக்கிறார் என்றேன். புதன்கிழமை கிளினிக், விடியக்காலையிலேயே போய் நம்பர் எடுக்கணும் என்றேன். சரிப்பா என்று வைத்துவிட்டாய். நீ வைத்த பிறகும் எனக்குப் பதில் முடியவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தேனாம். உங்கள் அம்மா வந்து, "புள்ள வச்சி எவ்வளவு நேரமாச்சு, இன்னும் யாரோட பேசுறீங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பதிலின் மிச்சத்தைத்தான் இந்தக் கொப்பியில் எழுதுகிறேன். மகனே, இது உனக்கும்தான். உனக்கு அப்போது ஆறு வயது, அக்காவுக்குப் பதினொன்று. அம்மா கையில் புண் வந்தது, டொக்டரிடம் போனோம், ஆறிவிட்டது என்ற அளவுக்கு உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு மூன்று மாதம் நம் வீட்டில் உண்மையாக என்ன நடந்தது என்று நாங்கள் சொன்னதில்லை. எழுதட்டுமா என்று உங்கள் அம்மாவிடம் கேட்டேன். "எழுதுங்க. நான் அழுதேன்னு மட்டும் எழுதாதீங்க" என்றாள். ஆகவே அதை எழுதப்போவதில்லை.

முதலில் நின்றுபோனது தலை பின்னுவது. அக்கா புலமைப்பரிசில் பரீட்சை பாஸாகி டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்த முதல் வருடம் அது. இரட்டைச் சடை போட்டு, மடித்து, ரிப்பன் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அம்மா விடியற்காலையில் அடுப்பில் ரொட்டியைப் போட்டுவிட்டு, ஒரு ரொட்டி வேகும் நேரத்தில் ஒரு சடையைப் பின்னி முடிப்பாள். இரண்டாவது ரொட்டி வேகும்போது இரண்டாவது சடை. ரொட்டியும் கருகாது, சடையும் கோணாது. ஒரு நாள் சீப்பை எடுத்துப் பலகையில் வைத்து என் பக்கமாகத் தள்ளினாள். "எனக்குக் கை வலிக்குது, இன்னைக்கு நீங்க பின்னிவிடுங்க" என்றாள். என் கையில் அவள் கொடுக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

எனக்கு மாட்டுக் கயிறு திரிக்கத் தெரியும். தலை பின்னுவதும் அந்த மாதிரிதானே என்று நினைத்தேன். மகளே, உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு சடை காதுக்கு மேலே கொம்பு மாதிரி நிற்கும், மற்றது கழுத்துக்குக் கீழே தொங்கும். பஸ் வருவதற்கு முன்னாலேயே ஒரு ரிப்பன் அவிழ்ந்துவிடும். தம்பி அதைப் பார்த்து, "அக்காட ஒரு வாலு மேயப் போயிருச்சு" என்று சொல்லி உன்னிடம் அடி வாங்கினான். நாம் மூவரும் சிரித்தோம். அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற உங்கள் அம்மாவும் சிரித்தாள், ஆனால் கிட்டே வரவில்லை.

அப்புறம் ரொட்டிக்கு மாவு பிசைவதை நிறுத்தினாள். மாவைத் தண்ணீராகக் கரைத்து, கரண்டியால் கல்லில் ஊற்றினாள். அதைத் தோசை என்று நீங்கள் சந்தோஷமாகச் சாப்பிட்டீர்கள். பிறகு தம்பியைத் தூக்குவதை நிறுத்தினாள். அவன் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டால், விரல்களைப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு முழங்கையால் அணைப்பாள். முழங்கையால் பிள்ளையை அணைக்கிற ஒரு தாயை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கை எப்படி இருந்தது என்றால், விரல் இடுக்கெல்லாம் வெடித்து, நுனியெல்லாம் உரிந்து, சிவந்து, சில நாள் நீர் கசியும். புண் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், தேயிலை மலையில் கூட நின்று கொழுந்து எடுக்கும் பெண்கள் அவளைக் கேலி செய்வார்கள். "என்னக்கா, கையி தொரைசானி கையாட்டம் வெளுத்துக்கிட்டே வருது? பங்களாவுக்குக் குடிபோறீங்களா?" என்பார்கள். அவள் வந்து என்னிடம் சொன்னாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தக் கேலிக்குள் எல்லா விடையும் இருந்தது. ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் கோயிலடி அறநெறிப் பள்ளிக்குப் போயிருந்தபோது அவள் வாயைத் திறந்தாள். "இது பெரிய வியாதிங்க" என்றாள். அவள் பிறந்த தோட்டத்தில், அவள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், ஒருவருக்குக் கையில் புண் வந்து விரல் மடங்கிப்போனதாம். ஒரு நாள் வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனதாம். அவர் படுத்த பாயையும் போர்வையையும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் போட்டு எரித்தார்களாம். அவர் திரும்பி வரவில்லை. அந்தப் புகையை அவள் இத்தனை வருடமாக மனதில் வைத்திருந்தாள். "புள்ளைங்களுக்கு ஒட்டிக்கிட்டா நான் என்ன செய்வேன்? என்னத் தூக்கிட்டுப் போகட்டும். அதுகளத் தொட்டுட்டுப் போகமாட்டேன்" என்றாள்.

பைத்தியமா உனக்கு என்று அதட்டினேன். ஆனால் பிள்ளைகளே, ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். மறுநாள் அவள் தன்னுடைய தேத்தண்ணிக் கோப்பையைத் தனியாகக் கழுவி, தனியாக ஜன்னல் கட்டையில் கவிழ்த்து வைத்தாள். நான் பார்த்தேன். அதை எடுத்து நம் கோப்பைகளோடு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. தோட்டத்து மருந்தகத்தில் ஒரு வெள்ளைக் களிம்பு கொடுத்தார்கள். பலனில்லை. டவுனில் முஸ்லிம் நானா ஒருவரின் மருந்துக் கடையில் ஒரு டியூப் வாங்கினேன். பூசிய மூன்றாம் நாள் கை பட்டு மாதிரி ஆனது. நாங்கள் கோயிலில் தேங்காய் உடைத்தோம். அடுத்த வாரம் முன்பைவிட இரண்டு மடங்காக வெடித்தது. இன்னொரு டியூப் வாங்கினேன். அதுவும் அப்படியே. பிறகு கண்டியில் பெரிய டொக்டர் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, காலை பஸ் ஏறிப் போனோம். மெத்தை போட்ட நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். அவர் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கையைப் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார். தேயிலைத் தோட்டம் என்றோம். செடிக்கு அடிக்கும் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். நாங்கள் எழுந்திருப்பதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல நான் யார்? அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கைகளோ.

ஆனால் அவர் சொன்ன ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். செடிக்கு அடிக்கும் மருந்து. மறுநாள் காலை, எனக்கு வேலை தேயிலைப் பெக்டரியில் என்றாலும், மலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போனேன். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். நீங்கள் அடித்த மருந்துதான் என் பெண்சாதி கையைத் தின்றுவிட்டது என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை. "அந்த மலைக்கு மருந்து அடிச்சே நாலு மாசமாச்சுப்பா. பக்கத்துல நிக்கிறவங்க கையெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றார். பொய் என்று கத்தினேன். உங்கள் அம்மா கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் வீரத்தைப் பார்த்துப் பெருமைப்படுகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு அன்று பூமி பிளந்தால் போதும் போல இருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மூன்றாவது டியூப் வாங்கப் போனபோதுதான் எங்களுக்கு விடிந்தது. நானா டியூபை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, உங்கள் அம்மாவின் கையைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். "தங்கச்சி, இனிமே இத நான் தர மாட்டேன். குடுத்ததே பிழை" என்றார். வருகிற வியாபாரத்தை வேண்டாம் என்று சொன்ன கடைக்காரரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "டவுன் ஆஸ்பத்திரியில பொதன்கிழமை ஒரு தோல் டொக்டரம்மா இருக்காங்க. என்ட மகளுக்குக் கழுத்தெல்லாம் படை வந்து நாலு எடத்துல காட்டினோம். அஞ்சாவதா அவங்ககிட்டப் போனோம். அவங்க கேள்வி கேட்டே நோயக் கண்டுபிடிப்பாங்க. ஒண்ணையும் மறைக்காமச் சொல்லணும், அவ்வளவுதான்" என்றார். மறைக்காமல் என்றதும் உங்கள் அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். குளிர் என்று நினைத்தேன்.

அந்தப் புதன்கிழமை இருட்டோடு பஸ் ஏறினோம். டொக்டரம்மா சிங்களப் பெண் என்று நானா சொல்லியிருந்தார். என் சிங்களம் கடைத்தெருச் சிங்களம், வெங்காயம் வாங்கப் போதும், வியாதி சொல்லப் போதாது. அதனால் பெக்டரியில் கூட வேலை செய்பவரிடம் கேட்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். என் பெண்சாதி என்பதற்கு "மகே நோனா" என்று ஆரம்பித்து, பஸ் வளைவு வளைவாக ஏறி இறங்க, முணுமுணுத்துக்கொண்டே போனேன். முன் சீட்டில் இருந்த சிங்களப் பெரியவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் அவரே ஒரு சொல்லைத் திருத்திக் கொடுத்தார். உங்கள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்த சத்தம் கேட்டது. இந்தப் பஸ் இப்படியே போய்க்கொண்டிருந்தாலும் நல்லதுதான் என்று நினைத்தேன்.

எங்கள் நம்பர் வர வெயில் ஏறிவிட்டது. உள்ளே போனதும் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். டொக்டரம்மா சின்ன உருவம். சேலைக்கு மேல் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. நான் இரண்டு வரி படிக்கும் வரை மரியாதையாகக் கேட்டார். பிறகு, "அண்ணே, தாள மடிச்சி வைங்க. தமிழ்லயே சொல்லுங்க. நான் வளந்ததெல்லாம் லயத்துப் புள்ளைங்களோடதான்" என்றார். யாழ்ப்பாணத் தமிழும் இல்லை, வானொலித் தமிழும் இல்லை. நம் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது பேசுகிற அதே தமிழ். அவருடைய அப்பா தோட்டத்து எல்லையில் மரக்கறித் தோட்டம் செய்தவராம். உங்கள் அம்மாவின் தோள் இறங்கியது. அதுவரை அது காதைத் தொட்டுக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

டொக்டரம்மா எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். ஒரு முக்காலியை இழுத்து உங்கள் அம்மாவுக்கு எதிரே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். கையுறை எதுவும் போடாமல் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உங்கள் அம்மா இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவர் விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தார், நகத்தைப் பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். அந்தக் கையை நான் கூட அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

"எத்தன வருஷமாம்மா கொழுந்து எடுக்கிறீங்க?"

"பத்தொம்பது வருஷங்க."

டொக்டரம்மா கையை இன்னொரு தடவை புரட்டினார்.

"பத்தொம்பது வருஷம் கொழுந்து எடுத்த கை. கறை எங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் குனிந்து பார்த்தேன். பிள்ளைகளே, உண்மைதான். கொழுந்தின் பால் காய்ந்து, விரல் நுனியிலும் கட்டைவிரல் ஓரத்திலும் நகக்கண்ணிலும் கருகருவென்று ஏறியிருக்குமே, கல்யாணமான நாள் முதல் நான் பார்த்த கறை, அது இல்லை. கண்டி டொக்டர் கையில் இருந்ததைப் பார்த்தார். இவர் கையில் இல்லாததைப் பார்த்தார். கொழுந்து எடுக்கிற கையை ஆயிரம் தடவை பிடித்தவருக்குத்தான் அது தெரியும்.

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை டொக்டரம்மாவும் பார்த்தார். "அண்ணே, கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க" என்றார். வெளியே நின்றேன். வழியை மறைக்காதீர்கள் என்று நர்ஸ் மிஸி ஏசினார். தள்ளி நின்றேன். அங்கேயும் ஏசினார். பத்து நிமிடம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள்.

"பெக்டரியில ரோலர் கழுவுற தூள் வீட்டுக்கு எப்படி வந்தது?" என்று டொக்டரம்மா கேட்டார்.

"நான்தாங்க கொண்டாந்தேன்."

"எதுக்கு?"

"தேத்தண்ணிக் கேத்தல் கழுவ."

"அப்ப இன்னைக்கு நம்பர் எடுத்திருக்க வேண்டியது நீங்கதான்" என்றார். ஏசிய மிஸியே சிரித்துவிட்டார்.

விஷயம் இதுதான். அக்காவின் புதுப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். எனக்கு வேலை, அம்மாதான் போனாள். வந்தவர்கள் ஒரு புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் போட்டுவிட்டுப் பேனையைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்தாள். அந்தப் பெண் அவள் விரல்களைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து ஒரு லேஞ்சியை எடுத்துப் பேனையைத் துடைத்துவிட்டு, பிறகு கையெழுத்துப் போட்டாள். அவ்வளவுதான் நடந்தது. நம் மகள் இந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னும் எட்டு வருடம் படிக்க வேண்டும், ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பேனை துடைக்கப்படும் என்று உங்கள் அம்மா பஸ்ஸில் வரும்போது யோசித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தாள். என் பெக்டரியில் கொழுந்துச் சாறு காய்ந்து, கொழுந்தை உருட்டும் ரோலரின் பித்தளையில் கறுப்பாகப் பிடித்தால் அதைக் கழற்ற ஒரு வெள்ளைத் தூள் இருக்கிறது. கேத்தலுக்கு ஆகும் என்று ஒரு ஜாம் போத்தலில் நான் கொண்டுவந்து வைத்திருந்தேன். பித்தளையில் போகிற கறை விரலில் போகாதா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், பீலிக்கரையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அந்தத் தூளைக் குழைத்துத் தேய்த்திருக்கிறாள். கறை போனது. தோலும் அதோடு போனது. புண் வந்த பிறகு, புண்ணும் புதிதாக ஏறும் கறையும் சேர்ந்து இன்னும் அசிங்கமாகத் தெரிகிறதே என்று மேலும் தேய்த்திருக்கிறாள். அந்தத் தூள்தான் காரணமாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பெக்டரியில் நாங்கள் கையால் அள்ளுகிற தூள்தானே என்று இருந்திருக்கிறாள். நாங்கள் கையில் உறை போட்டுத்தான் அள்ளுவோம் என்பதை நான் வீட்டில் சொன்னதில்லை.

"பெரிய வியாதின்னு யாரு சொன்னது?" என்று டொக்டரம்மா கேட்டார். "யாரும் சொல்லலைங்க. நானே நெனச்சேன்" என்றாள். கண்ணை மூடச் சொன்னார். ஒரு பஞ்சைத் திரித்து விரலில், புறங்கையில், முழங்கையில் மெல்லத் தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்லச் சொன்னார். உங்கள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, "ஆமாங்க... ஆமாங்க... இங்க ஆமாங்க" என்று ஒன்றைக்கூட விடாமல் சொன்னாள். தொட்டதெல்லாம் தெரிகிறது, குஷ்டம் இல்லை என்றார் டொக்டரம்மா. இருந்திருந்தால் கூட இப்போது மாத்திரை இருக்கிறது, ஒருவரையும் யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை என்றும் சொன்னார். பத்து நாளைக்கு ஒரு களிம்பு, அதற்கு மேல் பூசக்கூடாது. வேலைக்குப் போகுமுன் விரலுக்குத் தேங்காயெண்ணெய். சாதாரண சவர்க்காரம். இரண்டு வாரம் கொழுந்து எடுக்காமல் வேறு வேலை கொடுக்கும்படி தோட்டத்துக்கு ஒரு துண்டுக் கடிதம். கறையைப் போக்க மருந்து இருக்கிறதா என்று உங்கள் அம்மா மெதுவாகக் கேட்டாள். "அது நோய் இல்லையேம்மா. நோய்க்குத்தான் என்கிட்ட மருந்து இருக்கு" என்றார்.

எழுந்திருக்கும்போது உங்கள் அம்மா இன்னொன்று கேட்டாள். இத்தனை தூரம் வந்தது அதைக் கேட்கத்தான் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

"புள்ளைக்குத் தலை பின்னலாங்களா?"

டொக்டரம்மா பேனையைக் கீழே வைத்தார். "இன்னைக்கே பின்னுங்க" என்றார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை எழுதக்கூடாது என்று உங்கள் அம்மா சொல்லியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் மகளே, பள்ளிக்கூடம் விட்டு வந்து, தேத்தண்ணி கூடக் குடிக்காத உன்னைப் பிடித்து உட்கார வைத்தாள். நாளைக்குத்தானே பள்ளிக்கூடம், இப்போது எதற்கு என்று நீ கேட்டாய். சீப்பை அவளே எடுத்தாள். என் கைவேலையை அவிழ்த்து எறிந்துவிட்டு, எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, பின்னினாள். வலிக்குது வலிக்குது என்று நீ கத்தினாய். அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். தம்பி வந்து அவள் முதுகில் ஏறினான். இறக்கிவிடாமல் அவனையும் சுமந்துகொண்டே மூன்றாம் தடவை பின்னினாள். உன் கண் இரண்டும் மேலே இழுபட்டுப்போகும் அளவுக்கு இறுக்கிப் பின்னிய அந்தச் சடை, வெள்ளிக்கிழமை வரைக்கும் கலையவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

கண்டாக்கையாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனது வேறு கதை. சத்தம் போட்டது பெரட்டில் என்பதால், மன்னிப்பும் பெரட்டில் என்று உங்கள் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். துண்டுக் கடிதத்தைக் கொடுத்தேன், தூள் விஷயத்தையும் சொன்னேன். அவர் எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "மருந்தடிச்சேன்னு ஏச்சு வாங்கினது நானு. தூளு கொண்டுபோனது நீயி. நல்லாருக்குப்பா நியாயம்" என்றார். பெண்கள் கூட்டமே சிரித்தது. கூடவே, நாற்றுமேடையில் நிழல் வேலையை உங்கள் அம்மாவுக்குக் கொடுத்தார். அடுத்த ஆறு மாதம் நான் எந்தப் பக்கம் போனாலும், "கேத்தல் நல்லா வெளுத்துச்சாண்ணே?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாவது தடவை போனபோது, இனி வரவேண்டாம் என்று டொக்டரம்மா சொன்னார். புதுத் தோல் பிள்ளைத் தோல் மாதிரி இளம் சிவப்பாக இருந்தது. பிறகு வேலைக்குப் போகப் போக, முதலில் மஞ்சளாக, அப்புறம் பழுப்பாக, கறை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு நானும் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நானே போறேன் என்றாள். நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கையை முந்தானையில் சுற்றாமல் போனாள். சாயங்காலம் வரும்வரை எனக்கு வேலை ஓடவில்லை. வந்ததும், என்ன நடந்தது என்று கேட்டேன். "என்னத்தச் சொல்ல. தேத்தண்ணி குடுத்தாங்க. வெந்நியில சாயம் போட்ட மாதிரி. நாம எடுத்து அனுப்புற கொழுந்த எங்கதான் கொண்டுபோறாங்களோ" என்றாள். பேனை பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே மகளே, உன் தோழிக்கு நீ சொல்ல வேண்டியது இது. உன் கல்லூரியிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். டொக்டரம்மாவின் முடி இப்போது முழுக்க நரைத்துவிட்டது, கம்பளிச் சட்டை அதேதான் போலிருக்கிறது. முகத்தில் என்னென்ன பூசினாளோ, எந்தக் கடையில் வாங்கினாளோ, யார் சொல்லிப் பூசினாளோ, ஒன்றுவிடாமல் சொல்லச் சொல். வெட்கமான விஷயம் என்றால் துணைக்குப் போகிறவர்களை வெளியே நிற்கச் சொல்வார். நீ துணைக்குப் போனால் வழியை மறைக்காமல் நில். நல்ல டொக்டர் யார் என்று எனக்குப் படிப்பால் தெரியாது. நம் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பார்ப்பவர் என்று மட்டும் தெரியும்.

இனி எழுதப்போவது உங்கள் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அந்தக் கூட்டத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் மூவரும் கோயிலுக்குப் போனீர்கள். நான் தலைவலி என்று சொல்லி இருந்துகொண்டு, நீங்கள் வளைவு திரும்பியதும் லயத்துக்கு மேலே இருக்கிற மலைக்கு ஏறினேன். ஆள் இல்லை, மூடுபனி மட்டும் இருந்தது. பெக்டரியில் இருபது வருடம் கொழுந்தை அள்ளிப் பரப்பியிருக்கிறேன். செடியிலிருந்து ஒரு கொழுந்தை நான் கிள்ளியதில்லை. வாச்சர் வருகிறாரா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கிள்ள ஆரம்பித்தேன். உங்கள் அம்மா இரண்டு கையாலும் எடுப்பாள், எனக்கு ஒரு கையே தடுமாறியது. கிள்ளியதைச் செடியடியிலேயே போட்டுக்கொண்டு, கோயில் மணி அடிக்கும் வரை, இடுப்பு ஒடிய எடுத்தேன். பிறகு கையை விரித்துப் பார்த்தேன். விரல் நுனி ஈரமாக, லேசான பச்சை மஞ்சளாக இருந்தது. பாறையோரம் ஓடிய தண்ணீரில் வைத்தேன். தேய்க்கக்கூட இல்லை, போய்விட்டது.

மறுபடியும் செடிக்குத் திரும்பிப் போய், நீங்கள் வரும் நேரம் ஆகும் வரை, இன்னும் கொஞ்சம் எடுத்தேன்.